மேனேஜரின் மணி

நேற்று பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் யாரோ மேசை மணியை டிங்கென்று தட்டியதும் நான் மறுபடி எட்டு வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

டிவியில் வினாடி வினா பார்த்துப் பித்துப் பிடித்த எங்கள் மல்லாபூர் காலனி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஒன்றை நடத்தியது. கேள்வி கேட்டவள் அம்மா. எதிரெதிரே அப்பாவும் அவருடைய மேனேஜரும். நடுவே மேனேஜர் தன் அறையிலிருந்து கொண்டுவந்த மணி. முதலில் தட்டுபவர்தான் பதில் சொல்லலாம். அப்பா மேனேஜருடைய ஸ்டெனோ. பத்து வருடமாக அந்த மணி அடித்தால் ஓடுகிறவர். எல்லாப் பதிலும் தெரிந்தும் கையை மடியிலேயே வைத்திருந்தார். ஒரு பாயிண்ட்கூட இல்லை. எனக்கு அழுகையே வந்தது.

"கடைசிக் கேள்வி. நம்ம ஊர் மூசி ஆறு எந்த நதியில கலக்குது?" அம்மா அப்பாவை முறைத்தாள். "தெரிஞ்சவங்க தட்டலாம். இல்லேன்னா வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அப்பா தட்டினார். மணிச் சத்தம் கேட்டதும் அவரே விருட்டென்று எழுந்து நின்று, "எஸ் சார்" என்றார்.

காலனியே சிரித்தது. மேனேஜரும் சிரித்துக்கொண்டே எழுந்து கைகட்டி நின்றார். "இன்னைக்குக் கூப்பிட்டது நீங்க. சொல்லுங்க சார்."

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். "கிருஷ்ணா நதியில" என்றார். பிறகு, "நீங்களும் உட்காருங்க."