நடு ஏரியில் மிதித்த பிரேக்

2009ஆம் ஆண்டு, மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை. மொன்றியலின் மேற்குப் பக்கம், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கும் வேலை. அவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை.

அந்தக் குளிர்காலம் எங்களுக்கு எப்படிப் போனது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மனைவியின் தம்பி, அவளுக்கு இருக்கும் ஒரே சகோதரம், உள்ளே அகப்பட்டிருந்தான். வேலை நாட்களில் எப்படியோ பொழுது போய்விடும். சனி, ஞாயிறு வந்தால் அவள் சமையலறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவாள். அழமாட்டாள், கதைக்கமாட்டாள். அந்த அமைதி என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வார இறுதியும் அவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் விசாரிப்பேன். ஒரு கிழமை பனிச்சறுக்கு மலை, அடுத்த கிழமை எல்லைப் பக்கத்துச் சின்ன ஊர், அதற்கடுத்த கிழமை மேப்பிள் பாகு காய்ச்சும் இடம். போய்ச் சேர்ந்த உடனேயே எனக்குத் திரும்ப வேண்டும் போலிருக்கும். திரும்பி வந்தால் மறுபடி வெளிக்கிட வேண்டும் போலிருக்கும். கேட்டவர்களிடம், “அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறட்டும் எண்டுதான்” என்று சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் வரமாட்டேன் என்று நின்றாள். தம்பி யாரிடமோ சொல்லி அனுப்பியிருந்தான், சனிக்கிழமை எங்கள் பகல் நேரத்தில் எப்படியும் தொலைபேசி எடுப்பேன் என்று. அங்கே யாரோ ஒருவரிடம் சற்றலைட் போன் இருந்ததாம். சனங்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசுவார்களாம். அவனுக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு இலக்கம் மட்டும்தான்.

“பதினொரு மணிக்கு முதல் அவன் எடுக்க மாட்டான். அங்க இரவானாப் பிறகுதான் எடுப்பினம்,” என்றேன். “பத்தரைக்கு வீட்டில நிப்பம். சத்தியமா.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டைப் போட்டாள்.

நான் பார்க்க ஆசைப்பட்டது ஐஸ் பாதை. எங்கள் பக்கத்தில் ஹட்சன் என்று ஓர் ஊர். ஏரிக்கு மறுகரையில் ஓக்கா. கோடையில் இடையே படகு ஓடும். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன் மேலேயே பாதை போட்டு, கார்களை விடுவார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். கரையில் நின்றவர் ஆங்கிலத்தில் சொல்லித்தான் விட்டார்: ஐஸ் உடைந்தால் வெளியே பாய வசதியாகச் சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், ஆறுதலாக ஓட்டுங்கள். ஏரியின் மேல் கார் உருளும்போது எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரிப் புளுகம், சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

ஓக்காவில் நடந்தோம், கோப்பி குடித்தோம். “போவமே?” என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். நான் இன்னும் ஒரு தெருவைப் பார்ப்போம் என்றேன். சரியாகப் பத்து மணிக்குக் கரைக்குத் திரும்பி வந்தால், பாதைக்குக் குறுக்கே ஒரு மரத்தடுப்பு. இரண்டு மூன்று நாளாகக் குளிர் குறைந்திருந்தது. அன்று நல்ல வெயில் வேறு. பாதையை மூடிவிட்டார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

தரை வழியாகச் சுற்றிப் போனால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும்.

“சுத்திப் போவம். பதினொண்டுக்குப் போயிடலாம்,” என்றாள் அவள்.

எனக்கோ சொன்ன சத்தியம் தலைக்குள் குத்திக்கொண்டிருந்தது. “ஒண்டரை மணித்தியாலத்துக்கு முதல்தானே வந்தனாங்கள். அதுக்குள்ள உருகிடுமே?” என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். தடுப்பை ஒரு பக்கம் இழுத்துவிட்டுக் காரை விட்டேன். அவள் “வேண்டாம்” என்றது காதில் விழுந்தது. விழாதது மாதிரி இருந்தேன்.

காலையில் வெள்ளையாக இருந்த பாதை இப்போது சாம்பல் நிறமாக இருந்தது. இடையிடையே தண்ணீர் தேங்கி நின்றது. ஏரியில் கொஞ்சத் தூரம் போயிருப்போம். ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பவர்கள் ஓரமாக வரிசையாய்ப் போட்டிருந்த குடில்களில் ஒன்றிலிருந்து, சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பெண் பாய்ந்து வந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு கத்தினார்.

“அரெத்தே பா! அரெத்தே பா!”

பிரெஞ்சு பேசும் கெபெக் மாகாணத்தில் ஒன்பது வருடம் இருந்தும் நான் பிரெஞ்சு படிக்கவில்லை. விமான நிலையத்தில் ஆங்கிலமே போதும் என்பது என் பெருமை. ஆனால் அந்த முதல் சொல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தெரு முனையிலும் சிவப்புப் பலகையில் எழுதியிருப்பதுதானே. நிறுத்து. நான் பிரேக்கை மிதித்தேன்.

“ஐயோ, நிப்பாட்டாதேங்கோ!” மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நிப்பாட்ட வேண்டாம் எண்டுதான் கத்துறா!”

கார் நின்றுவிட்டது. நின்றதும் அடியில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய மரக்கதவு ஒன்று மெல்லத் திறப்பது போல் நீளமாக. யன்னலால் எட்டிப் பார்த்தேன். முன் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வேகத்தைக் கொடுத்தேன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

அந்தப் பெண் கிட்ட வராமல், எட்டத்தில் நின்றே கத்திக்கத்திச் சொன்னார். மனைவி யன்னலால் தலையை நீட்டிப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து களைத்துப்போய் வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சு. “உதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?” என்று நான் பகிடி பண்ணிய பிரெஞ்சு.

“பாரம் குறையட்டாம், என்னை இறங்கச் சொல்லுறா. நீங்கள் கதவைத் திறந்து வச்சுக்கொண்டு பின்னுக்கு எடுங்கோ. மெதுவா. திரும்ப நிப்பாட்டக் கூடாதாம்.”

அவள் இறங்கினாள். தண்ணீருக்குள் கால் வைத்து நடந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தமிழில் கத்தினாள். “மெதுவா! இன்னும் மெதுவா! இப்ப இடப் பக்கம் ஒடியுங்கோ! குடிலுகளின்ர பக்கம்!” சக்கரம் முதலில் வழுக்கியது. பிறகு எதையோ பிடித்தது. கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. குடில்களுக்குப் பக்கத்தில் ஐஸ் தடிப்பாக இருந்தது. அங்கே வளைத்துத் திருப்பி, ஊர்ந்து ஊர்ந்து ஓக்காக் கரையில் ஏற்றினேன்.

இரண்டு பேரும் நடந்து வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் ஏசப் போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் ஏசவில்லை. நான் இழுத்துவிட்ட தடுப்பைத் திரும்பப் பாதைக்குக் குறுக்கே இழுத்து வைத்தார். பிறகு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மனைவியைக் கேட்டார் போலிருக்கிறது.

மனைவி பதில் சொல்லத் தொடங்கினாள். முதலில் தட்டுத்தடுமாறி. பிறகு நிறுத்தாமல். தம்பியைப் பற்றி என்று விளங்கியது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவள் உடைந்து அழுதாள். இரண்டு மாதமாக என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பெயர் தெரியாத ஒருவரின் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். நான் கார்ச் சாவியோடு பக்கத்தில் நின்றேன், வழி கேட்க வந்த ஆள் மாதிரி.

சுற்றுப் பாதையில் திரும்பும்போது கேட்டேன். “அவவுக்கு என்ன சொன்னனி?”

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அவனுக்குச் சின்னனில இருட்டுக்குப் பயம். பங்கருக்குள்ள எப்பிடி இருக்கிறானோ எண்டு சொன்னனான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள் கேட்டிருந்தா உங்களுக்கும் சொல்லியிருப்பன்,” என்றாள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. தொலைபேசியின் பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பதினொன்று இருபதுக்கு வந்த அழைப்பு. “அக்கா, நான்தான். இருக்கிறன். பின்னால ஆக்கள் நிக்கினம். பேந்து எடுக்கிறன். அத்தானைக் கேட்டதாச் சொல்லுங்கோ.” அவ்வளவுதான்.

அவள் சொன்னது போல் பத்து மணிக்கே சுற்றுப் பாதையில் வெளிக்கிட்டிருந்தால், அந்த அழைப்பு வரும்போது நாங்கள் வீட்டில் இருந்திருப்போம்.

அடுத்த அழைப்பு ஆடி மாதம் வந்தது, வவுனியா முகாமிலிருந்து. உயிரோடிருந்தான். அதுவரை நான்கரை மாதம் அந்த ஒரே பதிவைத்தான் அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். என்னை ஒரு நாளும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். ஏரிக்குப் போய் வந்த அடுத்த சனிக்கிழமையே சமையலறையில் அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் நானும் ஒரு கதிரையைப் போட்டேன். ஐந்து நிமிடம் இருப்பதே பெரும் பாடாக இருந்தது. கால் ஆடியது, எழும்பி ஓடச் சொல்லியது. இருந்தேன். “அவன் சின்னனில எப்பிடி?” என்று கேட்டேன். அன்று மாலை வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்காக ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவளிடமிருந்தே நான் ஓடியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. இன்றைக்கும் மனம் பதைக்கும் நேரங்களில் எங்கேயாவது வெளிக்கிட்டுவிடத்தான் தோன்றுகிறது, ஆனால் எழும்புவதற்கு முன் பக்கத்தில் இருப்பவளிடம் “என்ன யோசிக்கிறாய்?” என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை அசையாமல் இருக்க இப்போது பழகியிருக்கிறேன்.