காக்கைக்கு வைத்த சோறு

எங்கள் வீட்டு டாஷண்ட் நாய்க்கு உடல் நீளம், கால்கள் குட்டை. என் கணவர் மடியிலேயே வளர்ந்தவன். அவர் போன பிறகு, ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் அவனும் நானும்தான். சென்ற மழைக்காலத்தில் அவனுடைய எடை பதினொரு கிலோவைத் தொட்டது. மருத்துவர் அவன் முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டியபடி, கன்னடச் சாயலுள்ள தமிழில் சொன்னார்:

"அம்மா, இந்த ஜாதிக்கு முதுகுதான் வீக். வெயிட் ஏறினா டிஸ்க் நழுவும், பின்னங்கால் ரெண்டும் போயிடும். ரெண்டு கிலோ கம்மி பண்ணியே ஆகணும், ஆய்தா, சரியா? மாடிப்படி ஏற விடவே கூடாது."

அன்றே சமையலறையில் ஒரு தராசு வந்து உட்கார்ந்தது. தோலுரித்து வேகவைத்த கோழி, பீன்ஸ், பூசணி, கொஞ்சம் சோறு. எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்தேன். பிஸ்கட் டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது. புத்தகத்தை விரித்து வைத்திருந்தாலும், தரையில் அவன் நகங்கள் எழுப்பும் ஓசையில்தான் என் காது இருந்தது. ஒரு கால் இழுபடுகிறதா, ஒரு தாளம் தவறுகிறதா என்று.

ஒரு மாதம் கழித்து நிறுத்தபோது இருநூறு கிராம் கூடியிருந்தது.

"யாரோ திருட்டுத்தனமா கொடுக்கறாங்க," என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்துபோகிறவள் ஒருத்திதான். ஜீவனஹள்ளியிலிருந்து வந்து வீட்டு வேலை செய்பவள், பன்னிரண்டு வருடப் பழக்கம். எத்தனையோ விதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டேன்: "நீ இவனுக்கு ஏதாவது போடறியா?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நல்லா கேட்டீங்கம்மா! என் டிபன் டப்பாவ நீங்க மோந்து பாக்காததுதான் பாக்கி. தெனம் நெய்ச்சோறு போடறது யாரு? நீங்கதானே?"

"நானா?"

"பின்னாடி துவைக்கிற கல்லு மேல வைக்கிறீங்களே, அது? காக்கா வந்து எத்தினி மாசம் ஆச்சு! நீங்க உள்ள திரும்பினதும் இவன் கல்லுல முன்னங்கால வெச்சி எக்கி, ஒரு பருக்கை விடாம வழிச்சிடறான். ஐயா பங்கு அவரு புள்ளைக்கே போவுதுன்னு தெரிஞ்சிதான் விடறீங்கன்னு நெனச்சேன்."

கணவர் போனதிலிருந்து தினமும் நான் உண்ணும் முன் பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை அந்தக் கல்லில் வைத்து, காக்கையை அழைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. காக்கை வராமல் போனால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. தராசில் பீன்ஸை நிறுத்துக்கொண்டிருந்த கைதான் அந்த உருண்டையையும் பிடித்தது. அதை நிறுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் சோற்றை மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவன் மூன்றாம் படியில் நின்றிருந்தான். நான்காவதற்குத் தாவப் பார்த்தபோது பின்னுடல் நடுங்கியது. "நில்லுடா!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். மருத்துவர் காட்டியபடி மார்புக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிக் கீழே கொண்டுவந்து விட்டேன்.

அதன் பிறகு நெய்ச்சோறு இல்லை. காலையில் அவனுக்கு நிறுத்து வைத்த உணவிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து, இலைத்துண்டில் வைக்கிறேன். அவன் எக்க வேண்டாம் என்று கல்லின் மேல் அல்ல, கீழே தரையில். காக்கைக்கு என்று அழைக்கிறேன். இப்போது உள்ளே போவதில்லை, நின்று பார்க்கிறேன். காக்கை இதுவரை வரவில்லை. அவன் வருகிறான், பூசணியை முகர்ந்து என்னை ஒரு பார்வை பார்க்கிறான், பிறகு தின்றுவிட்டு நடக்கிறான். நான்கு கால்களின் ஓசையும் கூடத்தைக் கடக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் என் தட்டை எடுக்கிறேன்.