முதுகு காட்டி நிற்கும் வீடு

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் குனிந்து பார்க்கிறார் டயரக்கா. ஓட்டை தெரிந்ததும் மற்ற பஞ்சர்காரர்கள் வெளியே எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கமாட்டார். குமிழ் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வண்டிக்காரன் கால் மாற்றி நின்றால், "பறக்காதே. உள்ள இன்னும் மூச்சு இருக்கு" என்பார்.

வாய் சும்மா இருக்காது. "இதுல ஒட்டுதான்யா இருக்கு, டியூபைக் காணோமே! உங்க தாத்தா ஓட்டின வண்டியா?" வயது அறுபதைத் தாண்டியாயிற்று. விரலிடுக்கில் ரப்பர் பசை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஊருக்கே அவர் அக்கா.

கடை இருப்பது அவர் வீட்டுப் பின்சுவரில். பின்சுவர்தான் தெருவைப் பார்க்கும். வாசலுக்குப் போக வீட்டையே சுற்ற வேண்டும். நாடு விட்டு வந்த குடும்பம் அது. பழைய வீட்டுக்கு வாசல் வடக்கே இருந்ததாம். இங்கே தெரு தெற்கே இருந்தும், வாசல் வடக்கேதான் என்று அவர் அப்பா ஒற்றைக் காலில் நின்று கட்டினார். "வந்தவனுக்கு வாசல் வைக்கக்கூடத் தெரியல" என்று ஊர் சிரித்தது. கொத்து வேலை பழகிய நாளில் நானும் சிரித்திருக்கிறேன்.

உள்ளே போனால் சிரிப்பு வராது. கூடத்தின் நடுவில், ஒரு கட்டில் போடும் அளவு இடம் வெறுமனே கிடக்கும். அதில் யாரும் எதையும் வைப்பதில்லை, யாரும் மிதிப்பதில்லை. கையில் சுடச்சுடத் தேநீர் இருந்தாலும் டயரக்கா அதை வளைத்துக்கொண்டுதான் வருவார். இங்கேயே பிறந்த மகளும் அப்படித்தான், பேச்சு நிற்காமலே வளைவாள். விவரம் தெரியாமல் நான் நேரே நடந்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

இப்போது மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். தவழும் பிள்ளை. அதற்கு வளையத் தெரியாது. விட்டால் நேரே அந்த இடத்துக்குப் போகிறது. நடுவில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சிரிக்கிறது. கீழே குனிந்து ஏதோ பேசுகிறது.

"டைல்ஸ் போட்டு மூடிடும்மா. இல்லேன்னா நான் புள்ளையத் தூக்கிட்டுக் கிளம்புறேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்." அப்படித்தான் எனக்கு அழைப்பு வந்தது.

டைல்ஸ் ஒட்டுமுன் பழைய தரையைத் தட்டிப் பார்ப்போம். சுவரோரமெல்லாம் கெட்டி. நடு இடத்தில் கொத்துக் கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினேன். வெறும் குடம்போல் ஒலித்தது.

"தட்டாதீங்க கொத்தனாரே!" டயர் நெம்பும் கம்பியும் கையுமாகக் கடையிலிருந்து ஓடி வந்தார்.

"பூச்சு தரைய விட்டுப் பொருமியிருக்குக்கா. அதான் சத்தம்."

"என்னவோ இருக்கட்டும். தட்டினா, நான் கூப்பிடுறதா என் தம்பி நினைச்சுக்குவான்."

விட்டு வந்த பழைய வீட்டில் இதே இடத்தில் கிணறு இருந்ததாம். வீடுகளைக் கொளுத்திக்கொண்டு கூட்டம் வந்த அன்று, தம்பியை அதற்குள் இறக்கி ஒளித்திருக்கிறார்கள்.

"மூச்சுக் காட்டாதே, அக்கா கல்லுல மூணு தட்டு தட்டினா ஏறி வான்னு நான்தான் சொன்னேன். அதுக்குள்ள கதவ உடைச்சுட்டாங்க. அப்பா என்னை இழுத்துட்டு ஓடிட்டாரு. பின்னால ஆள விட்டுப் பாத்தோம். கிணத்தையே மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்களாம்." கம்பியால் கூடத்தைச் சுற்றிக் காட்டினார். "வந்தா வழி தெரியாம நிக்கக் கூடாதுன்னு அப்பா இந்த வீட்டையும் அப்படியே கட்டினாரு. அவன் சொன்ன பேச்சு கேக்கற புள்ள, கொத்தனாரே."

மகள் பெட்டியோடு வாசலில் நின்றாள். இடுப்பிலிருந்த குழந்தை நடு இடத்தைப் பார்த்துக் கையை நீட்டித் திமிறியது.

"என்னம்மா சொல்றே?"

டயரக்கா குழந்தையை வெகுநேரம் பார்த்தார்.

"மூடிடுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு."

அந்த இடத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். கம்பியால் தரையில் தட்டினார், மூன்று முறை. யாரும் பேசாதபடி கையை உயர்த்தினார். குழந்தைகூட அடங்கிவிட்டது.

பிறகு, ஒருவர் கையூன்றி ஏறிவர இடம் விடுவதுபோல, சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.