ராஜேஸ் வீட்டில் ஒரு பிள்ளையும் இல்லை

1

"பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை" என்ற கட்டத்தில் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். சிறுவர் பராமரிப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அதில் செய்த பெரிய மடத்தனம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த வருடம் பதுளையில் இருந்த எங்கள் அரசாங்கக் கந்தோருக்கு ஒரு நல்ல திட்டம் வந்தது. தோட்டங்களில் தங்கள் வீட்டிலேயே வைத்து அயல்வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும் பெண்களுக்கு அரசாங்கச் செலவில் பத்து நாள் பயிற்சி, சான்றிதழ், பிறகு மாதக் கொடுப்பனவு, காப்புறுதி. நிபந்தனை ஒன்றுதான்: நாங்கள் போய்ப் பார்க்கும் நேரம் குறைந்தது நாலு பிள்ளைகளாவது வீட்டில் இருக்க வேண்டும்.

எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் ராஜேஸ்வரி என்பவள் விண்ணப்பித்திருந்தாள். நாற்பது வயது. முதுகுவலியால் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தியவள். வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா கீழ் டிவிசனில், இரண்டு மைல் தள்ளி. அதனால் மலைக்குப் போகும் தாய்மாரும், எல்ல ஹோட்டல்களில் வேலை செய்யும் தாய்மாரும் விடிந்ததும் பிள்ளைகளை இவளிடம்தான் விட்டுப் போவார்கள் என்று விண்ணப்பத்தில் இருந்தது.

போவதற்கு முதல் நாள் போன் எடுத்து, "கந்தோர்ல இருந்து நாளைக்கு வீடு பாக்க வாறோம்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

2

போனால், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த லய வீட்டு வரிசை முழுவதிலும் அவள் வீடு மட்டும் பளபளவென்று இருந்தது. வாசலில் கோலம், கட்டிலில் புது விரிப்பு. ராஜேஸ் நல்ல சேலை கட்டி, கோயிலுக்குப் புறப்பட்டவள் மாதிரி நின்றாள். பிள்ளைச் சத்தமே இல்லை.

"வாங்க மிஸ், உக்காருங்க. பிளேன்டீ ஊத்தவா?"

"புள்ளைங்க எங்க?"

"யாருமே இல்லீங்க மிஸ். வீடு சுத்தமா இருக்கு, நல்லாப் பாத்துக்கங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்று, அட்டைக்கடி பட்டு மேலே ஏறி வந்தது இதற்கா? பொய் விண்ணப்பம் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்தவள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் பூச்சியம் போட்டேன். அவள் பாவம், படி வரைக்கும் வந்து, "நல்லபடியா எழுதினீங்களா மிஸ்?" என்று கேட்டாள். "எழுதினேன், எழுதினேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பாதி வழியில் சுகந்தி என்ற இளம்பெண் எதிரே ஓடி வந்தாள். கொழுந்தெடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு இடுப்பிலேயே இருந்தது.

"எங்கம்மா இப்படி ஓடுற?"

"தேத்தண்ணி நேரம் மிஸ். பாப்பாவுக்குப் பால் குடுக்கணும், கட்டிக்கிட்டு வலிக்குது. ராஜேஸ் அக்காகிட்டதான் விட்டிருக்கேன்."

"அங்க ஒரு புள்ளையும் இல்லையே!"

அவள் முகம் வெளிறிப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ன மிஸ் சொல்றீங்க? அப்ப என் புள்ள எங்க?"

இருவரும் மேலே ஓடினோம். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. எப்படித்தான் ஓடினேனோ!

எங்களைக் கண்டதும் ராஜேஸ் திருதிருவென்று முழித்தாள். "பயப்படாத சுகந்தி, இங்கனதான் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தாள். வாய் நிறைய பிஸ்கட்டோடு மூன்று வாண்டுகள் வெளியே வந்தன. அடுத்த வீட்டில் இரண்டு. கடைசி வீட்டில் மூன்று, அதில் சுகந்தியின் பாப்பா தொட்டிலில். பேக்டரியில் இரவு வேலை முடித்து வந்த ஒரு தகப்பன் அரைத் தூக்கத்தில் காவல் இருந்தார். மொத்தம் எட்டு.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"வீடு பாக்க வாறவங்க சுத்தமா இருக்கான்னுதானே மிஸ் பாப்பாங்க? முந்தி வீடு பாக்க வந்தவங்க அழுக்கா இருக்குன்னு ஏசிட்டுப் போனாங்க. இதுங்க இருந்தா ஒண்ணுக்குப் போகும், சளி ஒழுகும். அதான் ஒளிச்சு வச்சேன்."

"நீ புள்ள பாக்குற வேலையத்தானேம்மா நான் பாக்க வந்தேன்!"

"அதெல்லாம் ஒரு வேலையா மிஸ்?" என்றாள்.

அதற்குள் எட்டில் ஒன்று அவள் சேலையில் மூக்கைத் துடைத்துவிட்டது. அவள் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

3

பூச்சியத்தை அடித்து எட்டு என்று எழுதினேன். ஆனால் அடித்துத் திருத்திய படிவம் கந்தோரில் செல்லாது. எங்கள் பணிப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே நாள்ல பூச்சியமும் எட்டுமா? மந்திரம் ஏதும் போட்டீங்களா மிஸ்?"

"பிழை என்னோடது சேர். எதுக்கு வாறேன்னு சொல்லாமப் போனது நான்தான். ராஜேஸ்வரி பெயர வெட்டிராதீங்க. வேணும்னா நீங்களே ஒருக்கா வந்து பாருங்க."

மறுவாரம் வந்தார். வாசலில் கழற்றிய அவர் சப்பாத்துக்குள் யாரோ ஒரு பயல் பருப்புச் சோற்றைப் போட்டு வைத்திருந்தான். மனிதர் சிரித்துக்கொண்டே புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பதுளையில் பயிற்சி நடந்த பத்து நாளும், அந்தத் தாய்மார் முறை வைத்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி வேலைக்குப் போகாமல் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் எல்லோரும் எழுந்து பெயரையும் தொழிலையும் சொல்லச் சொன்னோம். "வீட்டுலதான் இருக்கேன்", "சும்மாதான் இருக்கேன்" என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லி உட்கார்ந்தார்கள். ராஜேஸ் எழுந்தாள்.

"நான் ராஜேஸ்வரி. எட்டுப் புள்ளைங்களப் பாக்குறேன். அதான் என் வேலை."

அவளுக்குப் பிறகு ஒருத்தியும் சும்மா இருப்பதாகச் சொல்லவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, எதற்குப் போகிறீர்கள் என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வெறும் வீட்டைக் கண்டால் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் எத்தனை பெண்களின் பெயருக்கு நேரே "தொழில் இல்லை" என்று இந்தக் கையால் எழுதியிருப்பேனோ, தெரியாது.