கிணற்றடியும் புளியடியும்

பாடசாலை நாட்களில் நான் தோற்ற விவாதங்கள் இரண்டே இரண்டு. இரண்டிலும் பிழை நடுவர்களுடையது என்பதை இன்றைக்கும் என்னால் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் நிறுவ முடியும். மேடையில் நான் கற்ற முதல் விதி அது: எதிரணியின் கூற்று எதனையும் முழுதாக ஒப்புக்கொள்ளாதே, ஒப்புக்கொள்ள நேர்ந்தால், ஒப்புக்கொண்டது வெளியே தெரியாதபடி ஒப்புக்கொள். அந்த விதியையும் ஒரு கணினிப் பட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான், யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், எங்கள் கரையோரத்து வைத்தியசாலை ஒன்றில் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன்.

சேர்ந்த வருடமே, நோயாளர் பதிவுகளையெல்லாம் சேமிக்கும் புதிய கணினியான சேர்வர் வந்து இறங்கியது. விரிப்புகளும் தலையணை உறைகளும் அடுக்கியிருந்த சிறிய அறையைக் காலிசெய்து, குளிரூட்டி பூட்டி, அதை அங்கே வைத்தோம். "நோயாளிக்கு ஃபேன் இல்ல, பெட்டிக்கு ஏசி" என்று தாதியர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தொடக்க விழாவில் உரை என்னுடையது. "மை அழியும், தாள் கிழியும், மனிதன் மறப்பான்; இந்த அறையோ எதையும் மறவாது" என்று முடித்தபோது எழுந்த கைதட்டலை வீடு போய்ச் சேரும்வரை, கண்டக்குழி பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாகவும், கேட்டுக்கொண்டே போனேன்.

அதுவரை வைத்தியசாலையின் நினைவு முழுவதும் மஞ்சள் அட்டைகளில் இருந்தது. அவற்றைப் பல வருடங்களாகப் பராமரித்துவந்த லிகிதர், குரல் உயர்த்திப் பேசாத ஒரு பெண்மணி. அவரே அட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றினார். வேலை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே முகாமுக்கு வந்த முஸ்லிம்களில் பலர் உடுத்த உடுப்போடு வந்தவர்கள். பிறப்புப் பத்திரம் அவர்களிடம் இல்லை. அட்டையிலும் உத்தேசமாக ஒரு பிறந்த வருடம் மட்டுமே இருந்தது. மென்பொருளோ மாதமும் திகதியும் இல்லாமல் ஒரு படி நகராது. "எல்லாருக்கும் ஜனவரி முதலாம் திகதி போடுங்கள்" என்று நான் தீர்ப்பளித்தேன்.

அடுத்த சிக்கல், அட்டையைத் தொலைத்துவிட்டு மறு அட்டை எடுத்தவர்கள். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தார். அதற்கும் விதி ஒன்று எழுதினேன்: பெயர், பிறந்த திகதி, சொந்த ஊர் மூன்றும் பொருந்தினால் இரண்டு பதிவையும் ஒன்றாக்கு. ஒரு மதிய உணவு நேரத்துக்குள் சேர்வர் அந்த வேலையை முடித்தது. விதியின் அழகைக் கண்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பின் வந்த முதல் கண் கிளினிக் அன்று காலை லிகிதர் என்னைத் தேடி வந்தார்.

"மிஸ், கொஞ்சம் வாங்க. உங்கட பெட்டி ரெண்டு மனுசிய ஒண்டாக்கிப் போட்டுது."

கவுண்டருக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இருவரும் மன்னாரின் ஒரே கிராமத்தவர். இருவருக்கும் பெயரும் ஒன்று, உத்தேசப் பிறந்த வருடமும் ஒன்று; மிச்சத்தை என் ஜனவரி முதலாம் திகதி ஒன்றாக்கியிருந்தது. ஊரில் ஒருத்தியின் வீடு கிணற்றை ஒட்டியும் மற்றவளின் வீடு புளியமரத்தை ஒட்டியும் இருந்ததால், ஒருத்தி கிணத்தடியா, மற்றவள் புளியடியா. இங்கே முகாமில் இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த பிறகும் அந்த அடையாளம்தான்.

திரையில் ஒரேயொரு பதிவு இருந்தது. வலது கண் போன தடவை செய்தாயிற்று என்றும், இடது கண்ணுக்கு மறுநாள் சத்திரசிகிச்சை என்றும் அது சொன்னது. புளியடியாவின் கணக்கில் அது சரி. கிணத்தடியாவுக்கோ இடது கண் எப்போதோ பார்வையிழந்துவிட்டது; மிச்சமிருந்த வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. அந்த ஒரு கண்ணுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். கண் வைத்தியர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

இவ்வளவும் பிறகு விளங்கியவை. அந்த நேரத்தில் எனக்கு வாய்தான் முந்தியது. "ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே வருடம். ஒருவரே இரண்டு அட்டை எடுத்திருக்கவும் கூடும்" என்றேன். "பதிவின்படி உங்களுக்கு வலது கண் செய்தாகிவிட்டது."

கிணத்தடியா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கோபமே இல்லாமல் கேட்டாள்:

"அப்ப செய்த கண்ணால ஏன், மகள், எனக்கு உங்கட முகம் தெரியுதில்ல?"

"அவளுக்குச் செய்ததெண்டா நான் யாரு?" என்றாள் புளியடியா. "உசிரோட நிக்கிற நான் மௌத்தாப் போயிட்டனா?"

"நீ மௌத்தானா எனக்கு யாரடி ஊசி கோத்துத் தருவா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிணத்தடியா தையற்காரி. இயந்திரத்தைக் கைப்பழக்கத்தில் ஓட்டிவிடுவாள். பொத்தானும் கொக்கியும் வைக்கும் கைத்தையலுக்குத்தான் ஊசி கோக்க முடியாது. ஆகவே புளியடியா ஒவ்வொரு நாள் காலையிலும் வந்து, அன்றைக்கு வேண்டிய ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து, யன்னல் சீலையில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போவாளாம். கறுப்பு நூல் மேலே, வெள்ளை நூல் கீழே.

பழைய அட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றேன்.

லிகிதரும் நானும் களஞ்சிய அறைக்குப் போனோம். அழிப்பதற்காகக் கட்டிவைத்த அட்டைகள் பெட்டி பெட்டியாக அங்கே கிடந்தன. எந்தப் பெட்டி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு றப்பர் வளையத்தில் இரண்டு அட்டைகளும் சேர்ந்தே இருந்தன. இருவரும் எப்போதும் ஒன்றாகத்தான் வருவார்கள் என்பதால் அவர் அப்படி வைத்திருந்தார். மாறிவிடாதபடி ஒன்றின் மூலையில் பென்சிலால் 'கி' என்றும் மற்றதில் 'பு' என்றும் எழுதியிருந்தார்.

"நான் கேட்டனான் தானே மிஸ், மூலையில கிடக்கிற எழுத்தையும் அடிக்கவோ எண்டு."

கேட்டிருந்தார். 'திரையில் இடமில்லாத எழுத்தை விட்டுவிடுங்கள்' என்று நான் சொன்னதும் எனக்கு நினைவிருந்தது. மறவாத அறையைப் பற்றிப் பேசியவள் நான்; மறக்கச் சொன்னவளும் நானே.

பொறுப்பு வைத்தியரின் அறைக்குப் போகும் நடைபாதை நீளமானது. அந்த நீளத்துக்குள் எனக்கான வாதம் தானாகவே கட்டி எழும்பிவிட்டது. திகதி கேட்டது மென்பொருள், குறைபாடு அட்டையினுடையது, தட்டச்சு கையால் நடந்தது. மூன்று கூற்றும் உண்மை. ஆனால் மூன்றும் போய் நிற்கும் இடம் லிகிதரின் மேசை.

நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நடந்ததைக் கேட்டதும் வைத்தியரே அந்த வாதத்துக்கு வாசலைத் திறந்துவிட்டார்: "அட்டை எல்லாம் அடிச்சது லிகிதர் தானே? அவ கவனிக்காம விட்டுட்டாவோ?"

"இல்லை டொக்டர். அவர் கவனித்தார், என்னிடம் கேட்டார். விடச் சொன்னது நான். இரண்டு பதிவையும் சேர்த்த விதியை எழுதியதும் நான்."

என் வாழ்நாளிலேயே மிகக் குறுகிய உரை அது. கைதட்ட ஒருவரும் இல்லை.

வைத்தியர் மறுநாள் பட்டியலை எடுத்துப் பார்த்தார். "சரி. ஆனா நாளைக்கு இந்தப் பேருக்கு ஒரு இடந்தான் இருக்கு. லிஸ்டுக்கு மேல கண் டொக்டர் ஒருத்தரையும் எடுக்கமாட்டார். ரெண்டு பேர்ல யாரப் போடுறது?"

கிணத்தடியாவோடு என் பின்னாலேயே வந்து கதவருகே நின்ற புளியடியா அதைக் கேட்டுவிட்டாள்.

"இதுல யோசிக்க என்ன கிடக்கு டொக்டர்? எனக்கு ஒண்டு தெரியுது. அவளுக்கு ஒண்டுமே இல்ல. அவளப் போடுங்க."

"அப்ப நீ?" என்றாள் கிணத்தடியா. "இன்னும் மூணு மாசம் என்ன செய்யப் போறாய்?"

"உன்னோட சண்டை பிடிப்பன். அதுக்கு ரெண்டு கண் வேணுமா?"

என் பிழைக்கான விலையை அவள் செலுத்தினாள். ஒப்புக்கொண்டதும் எல்லாம் சீராகிவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலும், அப்படி நடக்கவில்லை.

சேர்வர் அறையில், பதிவுகளைச் சேர்ப்பதற்கு முன் எடுத்துவைத்த காப்புப் பிரதியை வேறொரு கணினியில் திறந்தேன். லிகிதர் அட்டையை வரிவரியாக வாசிக்க, நான் இரண்டு பெண்களையும் ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். இவளுடைய வலது கண், அவளுடைய வலது கண். இவளுடைய சீனி வருத்தம், அவளுடைய முழங்கால் வலி. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். மறுநாள் பட்டியலில் கிணத்தடியாவின் வலது கண் ஏறியது. பிறகு பதிவில் ஒரு புதிய இடம் திறந்தேன்: ஊரார் அழைக்கும் பெயர். விதி ஒன்றாக்கிய மற்ற எல்லாப் பதிவுகளையும் அதே போல அட்டையோடு ஒப்பிட்டு முடிக்க எங்கள் இருவருக்கும் வாரக்கணக்கில் எடுத்தது. அட்டைகளை அழிக்கும் யோசனையை நானே கைவிட்டேன்.

அன்றைக்கே அவர்களுக்கான புதிய இடத்தை நிரப்பும்போது, அந்தக் கிணறும் புளியும் இப்போதும் இருக்கின்றனவா என்று இருவரிடமும் கேட்டேன்.

"கிணறு கிடக்கு. சண்டை முடிஞ்ச பிறகு போய்ப் பார்த்தம்" என்றாள் கிணத்தடியா. "புளியத்தான் தறிச்சுப் போட்டாங்க. இவள்ட பேர மாத்தணும், மகள்."

"மரம் போனா நானும் போறதா? போட்டபடியே கிடக்கட்டும்."

போட்டபடியே கிடக்கிறது.

அடுத்த பெருநாளுக்குத் தைக்கத் துணி எடுத்துக்கொண்டு கிணத்தடியாவின் வீட்டுக்குப் போனேன். புளியடியாவும் அங்கேதான் இருந்தாள்; அதற்குள் அவளுடைய இடது கண்ணும் செய்தாகியிருந்தது. கிணத்தடியா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களா அது? குரலக் கேட்டு நல்ல உயரமான ஆளாக்கும் எண்டு நினைச்சன்."

புளியடியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விவாத மேடையில் எனக்கு எப்போதும் கால் வைக்க ஒரு பலகை போட்டுத்தான் ஒலிவாங்கி எட்டும் என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

அளவெடுத்து முடிந்ததும் கிணத்தடியா பாதியில் கிடந்த கைத்தையலை எடுத்தாள். யன்னல் சீலையில் ஊசி ஒன்றும் இல்லை. அவள் ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதன் காதைத் தெளிவாகப் பார்த்தாள். நூலையும் எடுத்தாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் நீட்டினாள்.

"உனக்குத்தான் இப்ப கண் தெரியுதே" என்று முணுமுணுத்தபடியே புளியடியா அவற்றை வாங்கி, நூல் நுனியை நாக்கில் நனைத்தாள்.

அதற்கு எதிராக என்னிடம் வாதம் ஒன்றும் இருக்கவில்லை.