கன்னத்து மணலும் ஐரோப்பிய அனுமதியும்

பசிபிக் கடலில், கிரிபட்டி நாட்டின் அபையாங் தீவுக்குப் புதிதாக யார் வந்தாலும், கரையிறங்கியதும் நவேரே அவர்களைத் தீவைக் காக்கும் வடமுனைக் கல்லிடம் அழைத்துப் போவாள். புகையிலைத் துண்டு ஒன்றை அங்கே வைத்து, கல்லடி மணலை அள்ளி, வந்தவர் கன்னத்தில் பூசி, அவர் பெயரையும் தாய் தகப்பன் பெயரையும் கேட்டுக் கல்லுக்குச் சொல்லி அறிமுகம் செய்வாள். முப்பது வருஷமாக இதுதான் வேலை, சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கு முதல் வரிசையில் உட்காருவதற்கும் இதற்கும் அவள் மனத்தில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. ஆயர் வந்தாலும் மணல் மணல்தான். பூசிக்கொள்ள மறுத்து உள்ளே போனவர்கள் காய்ச்சலோடு திரும்பினார்கள். ஒருவர் திரும்பவே இல்லை.

அவள் மகன் தெபுரேயா சரக்குக் கப்பல் மாலுமி. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் இரும்புக் கயிறு அறுந்து அடித்ததில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைப்பது சந்தேகம் என்று தகவல் வந்திருந்தது. கிரிபட்டிக்காரர்கள் ஐரோப்பா போக விசா வேண்டியதில்லை. விசா வேண்டாதவர்கள் முன்கூட்டியே அனுமதி மட்டும் வாங்க வேண்டும். நவேரேவுக்கு இது உடனே புரிந்தது. அவள் கல்லும் யாரிடமும் விசா கேட்டதில்லை.

தீவு மன்ற எழுத்தர் அகெய்னா கணினியில் விண்ணப்பத்தை நிரப்பினாள்.

"அத்தை, அப்பா பேரு, அம்மா பேரு கேக்குது."

"செத்தவங்க பேரெல்லாம் எதுக்காம்? சரி, நானும் அதைத்தானே கேக்குறேன். போடு."

"என்ன தொழில்?"

"வந்தவங்களை உள்ள விடுறது."

அப்படியொன்று பட்டியலில் இல்லை. அகெய்னா சிரித்துக்கொண்டே 'எல்லை அதிகாரி' என்பதை அழுத்தினாள். "ஒரே நாள்ல பெரிய உத்தியோகம், அத்தை!"

மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் வருகிற பதில் நவேரேவுக்கு வரவில்லை. மூன்று நாளாகத் திரையில் 'பரிசீலனையில்' என்று மட்டும் நின்றது.

"யாருடி பரிசீலிக்கிறது?"

"மெஷின்தான். அதுக்குச் சந்தேகம் வந்தா ஆளு பாப்பாங்க."

"மூஞ்சியைப் பாக்காமலேயா?"

"உங்க கல்லு மட்டும் மூஞ்சியைப் பாக்குதாக்கும்!"

நவேரே சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் தனியாகக் கல்லிடம் போனாள். புகையிலை வைத்தாள். தன் கன்னத்தில் தானே மணலைப் பூசி, மகன் பெயரைச் சொன்னாள். ஊரை விட்டுப் போகிறவர்கள் அங்கே சொல்லிக்கொண்டு போவது வழக்கமில்லை. திரும்பும்போது பார்த்தாள்: மணலில் அவள் காலடித் தடம் கல்லோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி நேரே கடலுக்குள் இறங்கியிருந்தது.

மறுநாள் காலை அனுமதி வந்துவிட்டது. மூன்று வருஷம் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். அகெய்னா துள்ளிக் குதித்து, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா, இப்ப தேவலாம்மா," என்றான் தெபுரேயா. "நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து வலியே இல்லை. ஆனா கன்னத்துல மண்ணைப் பூசிட்டுப் போயிட்டியே, தலையணையெல்லாம் மண்ணுன்னு நர்ஸ் திட்டித் தீர்த்துட்டா."

நவேரே போனை வைத்தாள். வந்தது யார் என்று அவள் யோசிக்கவில்லை.

"அனுமதி எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"இப்பத்தான் அத்தை, ஒன்பது மணிக்கு."

"அப்ப நான் உள்ள போனது அதுக்கு முந்தி."

அனுமதி இல்லாமல் நுழைகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பது அந்தத் தீவில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

"டிக்கெட் போடுடி. ரெண்டு கட்டுப் புகையிலை வாங்கு. அந்த ஊர்ல அதை யார்கிட்ட வைக்கணும்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அகெய்னா அவள் கையைப் பிடித்தாள். அதற்குள் அது காய்ச்சலில் நெருப்பாகச் சுட்டது.