வேண்டாமென்று போன மாடல்

அந்த ஒரு மாதம் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தாலே எனக்குப் பயம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும். நகராது, உறுமிக்கொண்டே நிற்கும். ஒவ்வொரு பெட்டியின் விலாவிலும் ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனியின் சின்னம். நட்சத்திரம், நங்கூரம், இரண்டு எழுத்து, ஒரு கோடு. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவேன். அலை இருக்கிறதா? இல்லை. அடுத்ததில்? இல்லை. இன்னும் வரவில்லை. வந்துவிடும்.

அலையை வரைந்தது நானில்லை.

அப்போது காலடிப்பேட்டையில் ஒரு டிசைன் கடையில் எனக்கு வேலை. ஃபிளெக்ஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான், மற்றதில் வியாசர்பாடியிலிருந்து வரும் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். போர்டு போட வருகிறவருக்கு மூன்று மாடல் வரைந்து காட்டுவது கடையின் வழக்கம். காட்டுவதற்குக் காசு கிடையாது. எது பிடிக்கிறதோ அதற்குத்தான். பிடிக்காததை ‘மிச்சம்’ என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடுவோம். மிச்சத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அக்கா வரைந்த மீனை எடுத்து நான் ஒரு ஹோட்டலுக்கு ஒட்டுவேன், என் தாமரையை எடுத்து அவர் ஒரு வளைகாப்புக்கு ஒட்டுவார். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

காசிமேட்டிலிருந்து வலைக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்காக அக்கா இரண்டு நாள் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து ஓர் அலை வரைந்தார். எழுந்து வருகிற அலை உச்சியில் மடங்கி ஐந்து விரலாகப் பிரியும். வலை வீசுகிற கை. பார்த்தபோது என் கழுத்தில் உப்புத் தண்ணீர் தெறித்த மாதிரி இருந்தது. கடைக்காரர் மூன்று மாடலையும் புரட்டினார். “யோசிச்சுகினு வரேம்மா” என்று சாம்பிள் பிரிண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. அலை மிச்சத்துக்குப் போனது.

எனக்கு அந்த நாட்களில் இன்னொரு பித்து. திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆன்லைன் போட்டிகளுக்கு லோகோ அனுப்புவது. யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தனக்கு இன்னது வேண்டும் என்று போடும். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் வரைந்து அனுப்புவோம். ஒருவருக்குப் பரிசு. மற்றவர்களின் ராத்தூக்கமும் கண்ணெரிச்சலும் போன இடம் தெரியாது. எங்கள் கடையின் மூன்று மாடல் வழக்கமேதான், கொஞ்சம் பெரிய கடை, அவ்வளவே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எத்தனையோ அனுப்பினேன். ஒன்றும் தேறவில்லை.

கடல்வழியாகக் கன்டெய்னர் பெட்டிகள் அனுப்பும் ஒரு கம்பெனிக்கான போட்டி. கடைசி நாள். கையில் எதுவும் வரவில்லை. மிச்சத்தைத் திறந்தேன். பச்சையாக இருந்த அலையை நீலமாக்கி அனுப்பினேன். ஜெயித்துவிட்டது.

பரிசுக்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. இது முழுக்க என் வேலை, வேறு எவருக்கும் கொடுத்ததில்லை என்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். இட்டேன். பரிசில் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம். குறியிட்ட மறுநிமிடத்திலிருந்து பயம். பக்கத்தில் அக்கா சிரித்தால் பயம், சிரிக்காவிட்டால் பயம். மணலி ஆலைகள் பக்கமிருந்து காஸ் வாடை வரும் நாட்களில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கே கசிகிறது என்று கேட்பார்கள். என்னிடமிருந்துதான் என்று தோன்றும்.

ஒரு மத்தியானம் அக்கா மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார்.

“டேய், காசிமேட்ல அந்த வலக்கட ஆளு என் அலைய போர்டுல எழுதி மாட்டிகீறான்டா! பஸ்ல வரச்சொல்ல பாத்தேன். கெளம்பு, வா.”

“நான் எதுக்குக்கா?”

“நீதானே பக்கத்துல குந்திகினு பாத்த? சாட்சிக்கு வேற யாரு கீறாங்க?”

கடைமுன் நின்றோம். பெயின்டர் கையால் எழுதிய போர்டு. விரல்கள் கொஞ்சம் தடித்திருந்தன. அலை அதுதான்.

“சும்மா குடுத்த மாடலுக்கு இன்னாத்துக்கும்மா பேஜாரு பண்றே?” என்றார் கடைக்காரர்.

“சும்மா காட்னது பாக்கறதுக்கு. பொண்ணு பாக்க வந்துட்டு, வாணாம்னு போயிட்டு, போட்டோவ மட்டும் வூட்ல மாட்டிப்பியா நைனா?”

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரருக்கு முகம் சிவந்தது. “நீதான் வரஞ்சேன்னு இன்னா அத்தாட்சி? எங்க பெயின்டரே போட்டுகீறான்.”

“இவனக் கேளு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போர்டை நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வாரம் முன்னால் என்னுடையது என்று எழுதிக்கொடுத்த அதே அலை, தலைக்கு மேலே, வெயிலில். ஐஸ் உடைக்கிற சத்தம் எங்கிருந்தோ கேட்டது.

“அக்கா வரஞ்சதுதான்” என்றேன்.

கடைக்காரர் தணிந்தார். “சரிம்மா. இன்னா வேணும் உனுக்கு?”

“மூலைல என் பேரு போடு. பெயின்டருங்க போட்டுக்கல? அதுமாரி.”

நாளைக்கே போடச் சொல்கிறேன் என்றார். திரும்பும் வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பெயர் ஒரு போர்டிலும் வந்ததில்லையாம். தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டப்போகிறாராம். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சொல்லிவிட்டேன். போட்டி, நீலம், ஜெயித்தது, கட்டம், எல்லாம்.

ஒரு கன்டெய்னர் லாரி கடந்து போனது.

“அங்க யாரு பேரு கீது?”

“என் பேருக்கா.”

“ம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் காலையில் அவரே பிரவுசிங் சென்டருக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பரிசுப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். நீலமாக, திரை நிறைய நின்றது அலை. ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது. எழுது.”

எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எழுதினேன். இது நான் வரைந்ததில்லை. வரைந்தவர் இன்னார். இதே படம் இங்கே ஒரு கடையின் போர்டிலும் இருக்கிறது. பரிசு வேண்டாம். அனுப்பும் பட்டனுக்கு மேல் விரலை வைத்தேன். போலீஸ் வருமா, கடையில் வேலை போகுமா, எதுவும் தெரியாது. அழுத்தினேன்.

“இப்ப இன்னா பண்ணுவாங்க?”

“தெரியலக்கா.”

“பயமா கீதா?”

தலையாட்டினேன்.

“எனுக்கும்தான் இருந்துச்சு, அந்தக் கட வாசல்ல. நீ வாயத் தொறக்க எவ்ளோ நேரமாச்சு தெரிமா? இவன் மாத்திச் சொல்லிடப் போறான்னு அப்பவே நெனச்சேன்.”

சொல்லிவிட்டு எழுந்து கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அன்று அவர் மிச்சம் ஃபோல்டரிலிருந்து தான் வரைந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேறோர் இடத்தில் போட்டு, பாஸ்வேர்ட் வைத்துப் பூட்டினார். அவர் டைப் செய்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.